பிள்ளையள் என்ன செய்யினம்? லா சப்பலில் நான்கு நாள்

என் மகள் தாரணிக்கு வயிற்றில் எட்டு மாதப் பிள்ளை. விமானம் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஒஸ்லோவில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த நான், அந்த ஒரே காரணத்தால் நான்கு நாளைக்கு ஆராய்ச்சியாளராகிப் பாரிசுக்குப் போனேன். இப்படியொரு பதவி உயர்வு எங்கள் சமையலறையில் வேறு ஒருவருக்கும் கிடைத்ததில்லை.

தாரணி வேலை செய்வது ஓர் ஆராய்ச்சி நிலையத்தில். நோர்வேயிலும் பிரான்சிலும் குடியேறிய தமிழரின் பிள்ளைகளும் பாகிஸ்தானியரின் பிள்ளைகளும் எப்படி வந்திருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. என்ன படித்தார்கள், என்ன வேலை, சொந்த வீடா வாடகையா, யாரைக் கலியாணம் செய்தார்கள் என்று இரண்டு பக்கத்துக்குக் கேள்விகள். ஒஸ்லோப் பகுதி முடிந்துவிட்டது. பாரிஸ் பகுதிக்கு அவள் ஏற்பாடு செய்திருந்த ஆள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். வருகிற செவ்வாய்க்கிழமைக்குள் தமிழ்க் குடும்பம் முப்பது, பாகிஸ்தான் குடும்பம் முப்பது என்று நிரப்பிய படிவங்களைக் கொடுக்காவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிடுவார்களாம். மூடினால் அவளுடைய வேலையும் போய்விடும். தோடம்பழம் உரித்துக்கொண்டே, நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"முப்பது குடும்பமோ? லா சப்பலிலை ஒரு மரக்கறிக்கடை வாசலிலை அரை மணித்தியாலம் நிண்டால் காணும். நான் போறன்" என்றேன். என் வாய் என்னைக் கேட்டுப் பேசுவதில்லை.

அடுத்த நாளே இது எதிர்வீட்டு நஸ்ரினுக்குத் தெரிந்துவிட்டது. ஒரே மாடிப்படியில் என் கதவுக்கு நேரெதிரே அவள் கதவு. இருபத்தாறு வருஷமாக எங்களுக்குள் ஒரே ஒரு சண்டைதான்: யாருடைய சனம் நோர்வேயில் நன்றாக வந்தது? அவளுடைய ஆட்கள் எங்களுக்கு முன்னரே தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள். நாங்கள் பிறகு அகதிகளாக வந்தோம். அவளுடைய மூத்தவன் வழக்கறிஞர் என்றால், என் மகள் ஆராய்ச்சியாளர். அவளுடைய சின்னவளுக்குக் கடலைப் பார்த்த வீடு என்றால், என் மகளுக்குக் காட்டைப் பார்த்த வீடு. குப்பைத்தொட்டியடியில் தொடங்கினால் கீழே உடுப்புத் தோய்க்கும் அறைவரைக்கும் போகும். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு உருது தெரியாது. ஆகையால் சண்டை முழுவதும் நோர்வேஜியனில். அந்த மொழியில் பிரதமரையும் "நீ" என்றுதான் கூப்பிடலாம் என்பதால் சண்டை போட மிக வசதி. அவள் சொன்னவற்றை இங்கே தமிழில் தருகிறேன்.

"பாகிஸ்தான் குடும்பங்களை உன்னை நம்பி விட முடியாது. நீ எல்லோரையும் வேலை இல்லாதவர்கள் என்று எழுதிவிடுவாய். நானும் வருகிறேன்" என்றாள் நஸ்ரின். பாரிசில், லா சப்பல் பக்கம், அவளுடைய தம்பி ஒரு சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறார்.

புறப்படுகிற முதல் நாள் தாரணி எங்கள் இருவரையும் சமையலறை மேசையில் இருத்திப் பாடம் நடத்தினாள். "அம்மா, நீங்கள் கருத்துச் சொல்லக்கூடாது. 'ஆ!' எண்டும் சொல்லக்கூடாது. முகத்தைச் சுளிக்கக்கூடாது. அவை சொல்லுறதை எழுதினால் காணும்." யாருக்கு இதைச் சொல்கிறோம் என்று பிள்ளை யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை. நாங்கள் தங்கியது பாரிசுக்கு வெளியே சார்செல்லில், என் சித்தப்பாவின் மகனைக் கட்டிய வசந்தி மச்சாள் வீட்டில், பதினோராம் மாடியில். காலை ரயிலில் கால் வைக்க இடமில்லை. ஒஸ்லோவில் பஸ்ஸில் நான்கு இருக்கை இருந்தால் ஒருவர் இருப்பார். மற்ற மூன்றிலும் அவருடைய மௌனம் இருக்கும். இங்கே என் தோளில் ஓர் ஆபிரிக்கப் பெண் நித்திரை கொண்டார். இறங்கும்போது எழும்பி, "நல்ல தோள்" என்றோ "மன்னியுங்கள்" என்றோ ஏதோ சொன்னார். எனக்குப் பிரெஞ்சு தெரியாது. நல்ல தோள் என்று எடுத்துக்கொண்டேன்.

பாரிசின் தமிழ்க்கடைப் பகுதியான லா சப்பலில் இறங்கியதும் மூக்கு வேலை செய்யத் தொடங்கியது. வறுத்த மிளகாய்த்தூள், கருவாடு, ஊதுபத்தி, கொதி எண்ணெய். ஒஸ்லோவில் ஒரு முருங்கைக்காய் வாங்கினால் அதை நான் குழந்தைமாதிரித் தூக்கிக்கொண்டு வருவேன். இங்கே நடைபாதையில் அதைக் கட்டுக் கட்டாக எறிந்து வைத்திருந்தார்கள், தடுக்கி விழப் பார்த்தேன்.

ராணி அக்காவின் கடைக்குள் நுழைந்ததற்குக் காரணம் வடை. அக்காவுக்கு அறுபது வயசு இருக்கும், கழுத்தில் கயிற்றில் கண்ணாடி, கையில் எப்போதும் ஓர் இடுக்கி. நஸ்ரின் மூன்று உழுந்துவடை சாப்பிட்டுவிட்டு, "நடுவில் ஏன் ஓட்டை?" என்றாள். உள்ளுக்குள்ளும் வேகவேண்டும் என்றேன். "எங்கள் பக்கோடா ஓட்டை இல்லாமலே வேகும்" என்றாள். வடையிலும் ஒப்பீடு.

"எந்த ஊர் தங்கச்சி? நோர்வேயோ? பிள்ளையள் என்ன செய்யினம்?" என் பையில் ஒட்டியிருந்த ஒஸ்லோ விமானச் சீட்டைப் பார்த்துக்கொண்டே ராணி அக்கா மூன்று கேள்வியையும் ஒரே மூச்சில் கேட்டார்.

"ஒரே ஒரு மகள் அக்கா. ஆராய்ச்சி நிலையத்திலை. பெரிய வேலை. நிரந்தரம்" என்றேன். கடைசிச் சொல்லை நான் யோசித்துச் சொல்லவில்லை. அது வரிசையில் நின்றதுபோல வந்துவிட்டது.

"கெட்டிக்காரி" என்றார் ராணி அக்கா.

இவ்வளவு நன்றாகப் போகிறதே என்று பையிலிருந்து படிவத்தையும் பேனையையும் எடுத்தேன். அவ்வளவுதான். அக்காவின் முகம் கடைக் கதவுமாதிரிச் சாத்திக்கொண்டது. "உது எங்கத்தைப் பேப்பர்? வரிக்கந்தோரோ?" இல்லை அக்கா, வரி அலுவலகமில்லை, ஆராய்ச்சி என்றேன். "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்" என்று வடைத் தட்டுக்குப் பின்னால் போய்விட்டார்.

அன்றைக்குப் பதினொரு பேரிடம் கேட்டேன். பக்கத்து நகைக்கடைக்காரர் நான்கு விரலில் மோதிரத்தோடு, "ஏதோ சீவியம் போகுது பிள்ளை. பிள்ளையளுக்கு வேலை இல்லை. வாடகை வீடு. மழைக்கு ஒழுகும்" என்றார். என் கண் முன்னாலேயே ஒரு பெரிய காரைப் பூட்டிவிட்டு வந்த மனிதர், தான் பஸ்ஸில்தான் திரிவதாகச் சொன்னார். காரின் திறப்பு கையில் ஆடிக்கொண்டிருந்தது. என் படிவங்களை ஒரு வெள்ளைக்காரன் வாசித்தால், பாரிசில் தமிழ்ச் சனம் இன்னும் சாகாமல் இருப்பது அதிசயம் என்று நினைப்பான். 'ஆ!' சொல்லக்கூடாது என்று மகள் சொல்லியிருந்தாள். பதினொரு தரம் சொன்னேன்.

பின்னேரம் நஸ்ரின் தன்னுடைய படிவங்களோடு வந்தாள். அவளுடைய ஆட்களும் அப்படித்தான். ஒருவர் தனக்கு வருமானமே இல்லை என்று சொல்லிக்கொண்டே, மற்றக் காதில் வைத்திருந்த போனில் இரண்டு வான் அரிசிக்கு ஓடர் கொடுத்தாராம்.

ரயிலில் ஏறியதும் சண்டை தொடங்கியது. இந்த முறை யாருடைய சனம் அதிக ஏழை என்று.

"எங்கள் ஆள் ஒருவருக்கு வீட்டில் கட்டில்கூட இல்லை" என்றாள் அவள்.

"எங்கள் ஆளின் கூரை ஒழுகுகிறது" என்றேன் நான்.

"அவர் நாலாம் மாடியில் இருக்கிறார் என்று நீதானே சொன்னாய். மேலே ஐந்து மாடி இருக்கிறது. எப்படி ஒழுகும்?"

நான் பதில் தேடி முடிக்கும்போது சார்செல் எப்போதோ போய்விட்டது. கூசேன்வில்லில் இறங்கினோம். மேடையில் விமானநிலைய வேலைக்காரரின் மஞ்சள் மேலங்கியோடு இரண்டு பேர் நின்றார்கள். நாங்கள் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

"மச்சான், உதென்ன பாஷை? எந்த நாட்டுச் சனம்?" என்றான் ஒருவன், தமிழில்.

"அந்தக் கட்டை மனுசி எங்கடை ஆள்மாதிரித்தான் கிடக்கு. ஆனா வாயிலை வாறது எங்கடையில்லை. ஏதோ பேய் பிடிச்சிட்டுது போலை" என்றான் மற்றவன்.

"எனக்கு ஒண்டும் பிடிக்கேல்லைத் தம்பி. சார்செல்லுக்கு எந்தப் பக்கம்?" என்றேன். ஒருவன் உண்மையாகவே ஒரு அடி துள்ளினான். நல்ல பிள்ளைகள், திரும்பிப் போகிற ரயிலில் ஏற்றிவிட்டார்கள். சந்தர்ப்பத்தை விடுவானேன் என்று ஒரு படிவத்தை எடுத்து, விமானநிலையத்திலா வேலை என்று கேட்டேன். "எந்த விமானநிலையம் அக்கா?" என்றான் அவன். முதுகில் அதன் பெயர் எழுதியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை குளிக்கும்போது எனக்கு மூளை வேலை செய்தது. எங்கள் சனம் பேப்பரைக் கண்டால் ஏழையாகும், கலியாணச் சம்பந்தம் என்றால்? வசந்தியின் காஞ்சிபுரம் சேலையையும் அவளுடைய பதக்கச் சங்கிலியையும் இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டேன். படிவத்தைக் கைப்பைக்குள் ஒளித்துவிட்டேன். அடுத்த ரயில் நிலையமான ஸ்டாலின்கிராட் பக்கமிருந்து கடை கடையாக நுழைந்து, ஒரே ஒரு வசனம்தான் சொன்னேன்: "நோர்வேயிலை ஒரு நல்ல பொம்பிளைப் பிள்ளை இருக்கு. வடிவான குடும்பம் தேடினம்."

அட கோதாரி! அரை மணித்தியாலத்தில் எனக்குப் பின்னால் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். ஒழுகும் வீட்டு நகைக்கடைக்காரருக்கு இப்போது இரண்டு வீடு, ஊரில் காணி, மூத்தவன் என்ஜினியர், இளையவளுக்குக் கீழே நூறு பேர். பஸ்ஸில் திரிகிறவர் தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டுபோய் மகன் வாங்கப்போகும் வீட்டைக் காட்டவா என்றார். நேற்று அவர்களிடம் படிவம் நீட்டிய பெண் நான்தான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பதக்கச் சங்கிலி முகத்தை மறைத்துவிட்டது.

ஒரு தகப்பன் மகனையே கையோடு கூட்டிவந்தார். முப்பது வயசுப் பிள்ளை, வேலையிடத்திலிருந்து இழுத்து வந்தாராக்கும், சட்டையில் சிமெந்து. அவன் பிரெஞ்சில் நீளமாக ஏதோ சொன்னான். ராணி அக்கா தன் கடையிலிருந்து இடுக்கியோடு வந்து மொழிபெயர்த்தார்: "தன்னோடை ஒரு பெட்டை மூண்டு வரியமா இருக்கிறாளாம், அது தகப்பனுக்கும் தெரியுமாம், போன கிழமையும் அவள் சமைச்சதைத்தான் தகப்பன் சாப்பிட்டவராம்."

"அது வேறை, இது வேறை" என்றார் தகப்பன், என்னைப் பார்த்து.

மத்தியானத்துக்குள் என் பைக்குள் பதினாலு சாதகம். நஸ்ரினும் தன் தம்பியின் கடையில் இதே வேஷம் போட்டிருந்தாள். அவளிடம் ஒரு கட்டுப் படம். ஒரு படத்தில் மாப்பிள்ளை விமானத்தின் முன்னால் நின்றார். விமானி என்றார்களாம். விமானத்துக்கு எதிரே ஒரு துப்புரவு வண்டியும் நின்றது, அதன் திறப்பு அவர் இடுப்பில் தொங்கியது.

பின்னேரம் வசந்தி வீட்டு மேசையில் வியாழக்கிழமைப் படிவங்களையும் வெள்ளிக்கிழமைப் படிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினோம். அதே ஆட்கள். வியாழக்கிழமை சாப்பாட்டுக்கு வழியில்லை, வெள்ளிக்கிழமை வைக்க இடமில்லை. பதினொரு பாகிஸ்தானியர், பதினொரு தமிழர், இரண்டு பக்கமும் ஒரே பொய். முதல் முறையாக நஸ்ரினும் நானும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனோம்: இதை மகளிடம் கொடுக்க முடியாது. இன்னும் இரண்டே நாள். பிள்ளை வயிற்றோடு வேலை தேடி அலைவதை நினைத்துப் பார்த்தேன், சாப்பாடு இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தாரணி போன் எடுத்தாள். "எப்பிடிப் போகுது அம்மா?"

"வடிவாப் போகுது பிள்ளை. அங்கை?"

"இஞ்சையும் எல்லாம் நல்லம்" என்றாள்.

சனிக்கிழமை காலை வசந்தி பாண் வெட்டிக்கொண்டு வந்து மேசையைப் பார்த்தாள். பெயர் எழுதக்கூடாது என்பதால் நான் அடையாளத்துக்கு 'நகைக்கடை', 'பெரிய கார்' என்று மூலையில் குறித்திருந்தேன். "ஆர், நகைக்கடையோ? மூத்தவன் என்ஜினியரோ?" வசந்தி சிரித்த சிரிப்பில் பாண் கீழே விழுந்தது. "மச்சாள், உவற்றை மூத்தவன் படிப்பை இரண்டாம் வரியத்திலை விட்டவன். இப்ப பஸ் ஓடுறான், நல்ல பிள்ளை, ஒழுங்கா வேலைக்குப் போறான். இளையவள் தாதி. வீடு சொந்தம், ஒண்டுதான், அதுவும் வங்கிக்கடன்." பிறகு பெரிய கார். பிறகு நான் கேட்காத வேறு மூன்று குடும்பத்தின் கதை. அவளுடைய பிள்ளைகள் இடையில் பிரெஞ்சில் வந்து சப்பாத்தைக் காணவில்லை என்றார்கள். அதையும் தேடிக்கொடுத்துக்கொண்டு, நாள், மாதம், சாட்சி எல்லாம் தவறாமல் சொன்னாள்.

நானும் நஸ்ரினும் ஒருவரையொருவர் பார்த்தோம். எங்கள் சனம் தன் வீட்டைப்பற்றிக் கேட்டால் ஒன்றில் அழும், இல்லாவிட்டால் புளுகும். பக்கத்து வீட்டைப்பற்றிக் கேட்டால் மட்டும் சத்தியம்தான் சொல்லும். அதுவும் சும்மா இல்லை, ஆதாரத்தோடு. இருபத்தாறு வருஷம் எதிரெதிர் கதவில் இருக்கிற எங்களுக்கு இது ஏன் முதலே தோன்றவில்லை என்று தெரியவில்லை.

அன்றைக்கு லா சப்பலில் நாங்கள் செய்த வேலையைப் பத்து ஆராய்ச்சியாளர் சேர்ந்து செய்திருக்க மாட்டார்கள். சேலை தேவைப்படவில்லை, சங்கிலி தேவைப்படவில்லை. நகைக்கடையில் மரக்கறிக்கடையைக் கேட்டேன், மரக்கறிக்கடையில் நகைக்கடையைக் கேட்டேன். "நான் ஒருத்தற்றை கதையும் கதைக்கிறேல்லைத் தங்கச்சி" என்று தொடங்கிய ராணி அக்கா, ஒரு சட்டி எண்ணெய் புகைந்து கறுக்கும்வரைக்கும் நிறுத்தவில்லை. ஒன்பது குடும்பம் அவர் ஒருவரே. தமிழ்க்கடைக்காரர் பக்கத்துப் பாகிஸ்தான் தொலைபேசிக்கடையைப்பற்றிச் சொன்னார், அவர் இவரைப்பற்றிச் சொன்னார். இரண்டு பேரும் பன்னிரண்டு வருஷமாகக் கைச்சைகையால்தான் பேசிக்கொள்கிறார்கள், ஆனாலும் ஒருவருக்கு மற்றவரின் மருமகளின் சம்பளம்வரைக்கும் தெரிந்திருக்கிறது.

மத்தியானம் கொத்துரொட்டி. இரண்டு தகட்டால் ரொட்டியைக் கொத்துகிற சத்தத்தில் நஸ்ரின் காதைப் பொத்தினாள். சாப்பாடு வந்ததும் கையை எடுத்துவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டே அவளுடைய படிவங்களையும் என்னுடையவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். அவளிடம் ஒரு தாதி, என்னிடம் ஒரு தாதி. அவளிடம் பஸ் ஓடுகிறவன், என்னிடமும். கணக்காளர், தச்சுவேலை, சொன்னால் கேட்காதவன், சோபாவில் கிடக்கிறவன், வெள்ளைக்காரியோடு போனவன், வெள்ளைக்காரியை வீட்டுக்குக் கூட்டிவந்து தாய்க்கும் பிடிக்கவைத்தவன். மூலையிலுள்ள குறிப்பை மறைத்தால் எது யாருடையது என்று தெரியவில்லை.

"சமம்" என்றாள் நஸ்ரின், ஏதோ செத்தவீட்டில் சொல்வதுபோல.

"சமம்" என்றேன் நானும். இருபத்தாறு வருஷச் சண்டை. இனி உடுப்புத் தோய்க்கிற அறையில் என்னத்தைக் கதைப்பது? இரண்டு பேருக்கும் உண்மையாகவே கவலையாக இருந்தது. அவளுடைய முப்பது, என்னுடைய முப்பது என்று அறுபதையும் பையில் போட்டுக் கட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் விமானம். காலையில் கடைசித் தரம் வடை சாப்பிட ராணி அக்காவின் கடைக்குப் போனோம். அங்கேயிருந்துதான் தாரணிக்குப் போன் எடுத்தேன். அறுபதும் முடிந்தது என்றதும் பிள்ளை சந்தோஷத்தில் கத்தினாள். எப்படிச் செய்தோம் என்று பெருமையோடு விளக்கினேன். கேட்டுக்கொண்டே வந்தவள் சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

"அம்மா, உது ஊர்வம்பு. அவையவை தங்கடை வாயாலை, சம்மதிச்சுச் சொன்னால்தான் எழுதலாம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நான் குடுக்கேலாது."

"அப்ப இந்த அறுபதும்?"

"பரவாயில்லை அம்மா. நான் பாத்துக்கொள்ளுவன். எல்லாம் நல்லம். நீங்கள் சந்தோசமா வாங்கோ." வைத்துவிட்டாள்.

எல்லாம் நல்லம். இதே குரலை நான் நான்கு நாளாகக் கடை கடையாகக் கேட்டிருக்கிறேன். ஏதோ சீவியம் போகுது பிள்ளை, மூத்தவன் என்ஜினியர் பிள்ளை, எல்லாம் இந்தக் குரல்தான். என் மகளும் என்னை ஒரு வரிக்கந்தோராகவோ சம்பந்தி வீடாகவோதான் பார்க்கிறாளா? போனைக் கையில் வைத்துக்கொண்டே நஸ்ரினைத் திரும்பிப் பார்த்தேன்.

"என்னுடைய மகள் எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டேன்.

நஸ்ரின் வடையைக் கீழே வைத்தாள். "அவளைக் கேள். இப்போதுதானே பேசினாய்."

"கேட்டேன். எல்லாம் நல்லம் என்றாள். பக்கத்து வீட்டுக்காரி நீ. நீ சொல்லு."

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். புதன்கிழமைகளில் நான் வேலைக்குப் போன பிறகு தாரணி அவள் வீட்டுக்கு வருவாளாம். இரண்டு மாதமாக. அந்த வேலை பெரும்பாலும் போய்விடும் என்று அவளுக்கு அப்போதே தெரியுமாம். படிவம் வந்தால் ஒரு சின்ன நம்பிக்கை, அவ்வளவுதானாம். "வேலைக்காக அவள் அழவில்லை. புருஷன் உழைக்கிறான், நோர்வேயில் யாரும் பட்டினி கிடப்பதில்லை. உனக்கு எப்படிச் சொல்வது என்றுதான் அழுகிறாள். நீ ஊர் முழுக்க அவளைப்பற்றிச் சொல்லி வைத்திருக்கிறாய். குப்பைத்தொட்டியடியில் எனக்கே எத்தனை தரம் சொல்லியிருப்பாய்? வேலை போனால் அம்மா ஒருவருக்கும் முகம் கொடுக்கமாட்டா என்கிறாள்."

"இரண்டு மாதம் நீ எனக்குச் சொல்லவில்லையே" என்று கத்தினேன்.

"நீ கேட்கவில்லை" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. என் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டில் போய் அழுதிருக்கிறாள். நான் அந்த நேரம் சமையலறையில் நின்று, என் மகள் ஆராய்ச்சி செய்கிறாள் என்று கரட் வெட்டுகிறவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். கண்ணீர் வந்தது, துடைக்கக் கையில் வடை எண்ணெய். அப்படியே திரும்பப் போன் எடுத்தேன்.

"தாரணி, வேலை போனால் போகட்டும்."

"ஆர் சொன்னது?"

"பக்கத்து வீடு."

"நஸ்ரின் ஆன்ரியோ!"

"அவவைப் பிறகு பேசு. நான் சொல்லுறதைக் கேள். எனக்கு உன்ரை வேலை தேவையில்லை, நீதான் தேவை. புதன்கிழமையிலை இனி என்னட்டை வந்து அழு, நான் லீவு போடுறன். சனத்துக்கு என்ன சொல்லுறது எண்டு நீ பயப்பிடாதை. நானே சொல்லுறன். இப்பவே சொல்லுறன்."

"அம்மா, எல்லாருக்கும் சொல்லத் தேவையில்லை!" அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

போனை வைத்தபோது ராணி அக்கா இரண்டு பால்தேத்தண்ணியோடு நின்றார். முழுவதையும் கேட்டிருக்கிறார் என்று முகத்தில் தெரிந்தது, ஆனாலும் முறைப்படி கேட்டார். "என்ன தங்கச்சி, கண் கலங்கிக் கிடக்கு? மகளுக்கு நிரந்தர வேலை எண்டெல்லே சொன்னனீங்கள்?"

"அது புளுகு அக்கா. நிரந்தரமில்லை. வேலை போகப்போகுது. பிள்ளை பிறக்கப்போகுது. எனக்குச் சொல்லப் பயத்திலை இரண்டு மாசம் ஒளிச்சு வைச்சிருந்தவள்."

சொல்லிவிட்டேன். கடைக்குள் ரோல்ஸ் வாங்க நின்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கூரை இடிந்து விழவில்லை.

ராணி அக்கா தேத்தண்ணியை வைத்துவிட்டு ஒரு கதிரையை இழுத்து இருந்தார். நான்கு நாளில் அவர் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். "என்ரை மூத்தவன் லண்டனிலை எண்டு எல்லாருக்கும் சொல்லியிருக்கிறன்" என்றார். "லண்டனுமில்லை ஒண்டுமில்லை. மேலை வீட்டிலைதான். வேலையை விட்டு எட்டு மாசம், அறையை விட்டு வெளியிலை வாறானில்லை. நான் சாப்பாட்டைக் கதவடியிலை வைச்சிட்டு வாறனான்." கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்துப் போட்டு, கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, மறுபடியும் போட்டார். "அந்தப் பேப்பரைக் கொண்டாங்கோ. என்ரை வாயாலைதானே சொல்லவேணும்? எழுதுங்கோ. பேர் மட்டும் போடாதேங்கோ."

எழுதினேன். அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். ஒரு தரம்கூட 'ஆ!' சொல்லவில்லை. என்ன நடக்கிறது என்று நஸ்ரின் கேட்டாள். சொன்னேன். அவள் வடையை அப்படியே விட்டுவிட்டு, நிரப்பாத படிவங்களை அள்ளிக்கொண்டு, "விமானம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டபடி தம்பியின் கடைப்பக்கம் ஓடினாள். அறுபத்தொரு வயசில் அவளால் அப்படி ஓட முடியும் என்று எனக்குத் தெரியாது.

ராணி அக்கா எழும்பினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கடைக் கதவைத் திறந்து, தலையை வெளியே நீட்டி, வீதி முழுக்கக் கேட்கும்படி நகைக்கடைக்காரரைக் கூப்பிட்டார்: "அண்ணை, ஒருக்கா இஞ்சை வாங்கோ! இந்த மனுசியின்ரை மகளுக்கு வேலை போகுதாம், என்ரை பொடியன் மேலை படுத்துக் கிடக்கிறான். நீங்களும் உங்கடையைச் சொல்லுங்கோ!"